கழுவக் கழுவத் துருவேறிய ஜீப்

திருப்பூரில் வாழும் நம் குடும்பங்களுக்குத் துருவைப் பற்றிப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வெள்ளைப் பனியன் துணியில் கடுகளவு செம்பழுப்புப் புள்ளி ஒன்று விழுந்துவிட்டால் போதும். செக்கிங் மேசையில் அமர்ந்திருக்கும் சகோதரியின் கண்ணுக்கு அது தப்பாது. பின்னல் எந்திரத்தின் ஊசியிலோ, துணி அடுக்கிய இரும்புத் தட்டிலோ, எங்கோ ஓரிடத்தில் ஈரம் பட்டு இரும்பு கசிந்திருக்கிறது என்பதை அவர் உடனே உணர்ந்துகொள்வார். ஆக்சாலிக் அமிலத்தால் அக்கறையைப் போக்கலாம் என்பதும், போக்கிய பின் நன்றாக அலசாவிடில் துணி அவ்விடத்தில் நைந்துபோகும் என்பதும் இவ்வூரில் பலரும் அறிந்தவையே. இவ்வளவும் தெரிந்த ஊரில்தான், நம் வீட்டு ஜீப்பின் தரைத்தகடு நம் காலடியிலேயே, நமக்குத் தெரியாமல், பல ஆண்டுகளாகக் கரைந்துகொண்டிருந்தது.

பங்குனி மாதத்து ஞாயிறு ஒன்றில் அது வெளிப்பட்டது. திருப்பலி முடிந்து வீடு திரும்பியிருந்தோம். பின்னிருக்கையிலிருந்து குதித்து இறங்க முற்பட்ட தங்கை மகன், ரப்பர் பாயின்மேல் குதிகாலை அழுத்தி ஊன்றினான். பாய் உள்வாங்கியது, அவன் கால் கணுக்கால்வரை தரைக்குக் கீழே சென்றுவிட்டது. தகட்டின் விளிம்பு கீறியதில் சிறிதளவு இரத்தம். மருத்துவரிடம் அழைத்துச் சென்று ரணஜன்னித் தடுப்பூசி போட்டோம். அந்நோய் துருவினால் உண்டாவதன்று. மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமியினால் உண்டாவது. துருப்பிடித்த பொருள்கள் பெரும்பாலும் மண்ணில் கிடப்பதால் பழி துருவின்மேல் விழுந்துவிட்டது என்று அவர் விளக்கினார். பையன் ஒரு வாரத்தில் தேறிவிட்டான். ஜீப்தான் தேறுமா என்பது ஐயமாக இருந்தது.

அன்று மாலையே பாய்களை எல்லாம் அகற்றிப் பார்த்தோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் 'தரை வேலை' என்று சொல்லிப் பணம் கொடுத்திருந்தோம். அந்த வேலை எத்தகையது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஓட்டைகளில் செய்தித்தாளை உருண்டையாக்கி அடைத்து, அதன்மேல் பட்டி பூசி, அதன்மேல் தாரைத் தாராளமாகத் தடவியிருந்தனர். சுரண்டி எடுத்த தாளில் ஒரு திரைப்பட விளம்பரத்தைக்கூடப் படிக்க முடிந்தது. இரும்பைவிடக் காகிதம் நீண்டநாள் நின்றிருந்ததைக் கண்டு சிரிப்பதா, வருந்துவதா என்று விளங்கவில்லை.

இந்த ஜீப்பின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகளுக்காக வில்லிஸ் நிறுவனம் உருவாக்கிய வண்டியின் வழித்தோன்றல் இது. 1945இல் தொடங்கப்பட்ட மகிந்திரா நிறுவனம், விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டத் தொடங்கி, பின்னர் இங்கேயே முழுமையாகச் செய்தது. அரசு அலுவலகங்களில் உழைத்து ஓய்ந்த ஜீப்புகள் ஏலத்திற்கு வருவதுண்டு. அப்படி வந்த ஒன்றைத்தான் அப்பா எடுத்தார். ஜாப் வொர்க் செய்யும் சிறிய தையல் கூடத்திற்கு அதுவே லாரி. தோட்டத்துக்குச் செல்லும் மண்பாதைக்கு அதுவே பேருந்து. உறவினர் வீட்டுத் திருமணத்திற்கு அதுவே அலங்கார ஊர்தி. அப்பாவுக்கு இன்று எழுபத்தெட்டு வயது. வண்டி ஓட்டுவதில்லை. எனினும் சனிக்கிழமைதோறும் அதனைக் கழுவுவதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

பழைய இரும்புக் கடைக்காரர் வந்து பார்த்து ஒரு விலை சொன்னார். அது வண்டியின் எடைக்கான விலை. புதிய பாடி முழுவதையும் செய்து பொருத்தித் தர ஒருவர் சொன்ன தொகையோ, அவ்வாண்டின் பள்ளிக் கட்டணங்களோடு போட்டியிடும் அளவில் இருந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்ததே நமக்குப் போதுமானதாயிற்று. கையில் உள்ளதைக்கொண்டு எவ்வளவு செய்ய முடியுமோ அவ்வளவு செய்வது என்று தீர்மானித்தோம்.

பல்லடம் சாலைப் பக்கம் ஒரு பழைய டிங்கர் இருக்கிறார். நாற்பது ஆண்டுகளாகத் தகடு தட்டுபவர். வண்டியைச் சுற்றி வந்தவர் ஓட்டையின் பக்கமே திரும்பவில்லை. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு நேரே வண்டியின் அடியில் படுத்துக்கொண்டார். "ஏனுங்க தம்பி, ஓட்டையைப் பார்க்காதீங்க. ஓட்டையைச் சுத்தி என்ன மிச்சமிருக்குதுன்னு பாருங்க" என்றார். கையில் ஒரு சிறு சுத்தியும் பழைய திருப்புளியும் இருந்தன. சேஸ் முழுவதையும் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு மணிபோல ஒலிக்கிறது. உள்ளே அரிக்கப்பட்ட இரும்பு மண்பானை உடைந்ததுபோல மந்தமாக ஒலிக்கிறது. ஐயம் வந்த இடத்தில் திருப்புளியின் நுனியை ஊன்றி அழுத்தினார். உள்ளே புகுந்தால் அந்த இடம் போனது என்று பொருள்.

இதில் ஓர் அடிப்படை உண்மை இருக்கிறது. பழைய ஜீப்பில் பாடி வேறு, சேஸ் வேறு. பாடித் தகடு எவ்வளவு கெட்டாலும் வெட்டி ஒட்டலாம், சேஸ்தான் முதுகெலும்பு. வில்பட்டைகள் பூட்டப்படும் இடங்கள், ஸ்டியரிங் பெட்டி அமரும் இடம், பாடியைத் தாங்கும் கைகள் ஆகியவை உறுதியாக இருந்தால் செலவு செய்யலாம். அவை மந்தமாக ஒலித்தால், மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு பழைய இரும்புக் கடைக்காரரையே திரும்ப அழைப்பது நல்லது. நம் வண்டியில் பின்பக்கக் குறுக்குச் சட்டத்தின் ஒரு முனையும், பாடியைத் தாங்கும் கை ஒன்றும் தவிர மற்றவை மணி ஒலித்தன.

சட்டத்தின் பார்வையிலும் இச்சோதனை தேவையானதே. தனியார் வண்டிகளின் பதிவு 15 ஆண்டுகளுக்கு. அதன்பின் தகுதி பார்த்து ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். கார் வகை வண்டிகளுக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாயிற்று. 20 ஆண்டுகளைக் கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாயிற்று. பழைய வண்டி வைத்திருப்போர் இதனையும் செலவுக் கணக்கில் முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். நாம் எழுதிக்கொள்ளவில்லை, பின்னர் வருந்தினோம்.

ஆனால் நம்மை உறுத்திய வினா வேறொன்று. தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ ஒரு ஜீப் துருவேறினால் வியப்பில்லை. அங்கே கடற்காற்றே உப்பைச் சுமந்து வருகிறது. நம் கொங்கு நாடோ மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் உள்ள வறண்ட பூமி. கடல் எங்கோ இருக்கிறது, மழையும் குறைவு. வண்டியோ ஓலைக் கொட்டகையின் நிழலில் நிற்பது. வாரந்தவறாமல் கழுவித் துடைக்கப்படுவது. பின் எப்படி இது நேர்ந்தது?

டிங்கர்தான் வழி காட்டினார். தகட்டின் மடிப்பிலிருந்து வெண்மையான பொடி ஒன்றைச் சுரண்டி, நுனி நாக்கில் வைத்துப் பார்த்து, துப்பினார். "உப்புங்க" என்றார்.

இரும்பு துருவேற இரண்டு பொருள்கள் வேண்டும்: நீர், காற்றிலுள்ள பிராணவாயு. இவற்றில் ஒன்று இல்லாவிடினும் துரு இல்லை. உப்பு என்பது மூன்றாவதாக வந்து சேரும் தூண்டுகோல். இரும்பின்மேல் நிற்கும் நீர்த்துளி ஒவ்வொன்றும் ஒரு சிறிய பாட்டரிபோல் வேலை செய்கிறது; இரும்பு ஓரிடத்தில் கரைந்து, மற்றோரிடத்தில் பிராணவாயுவோடு சேர்ந்து துருவாகப் படிகிறது. தூய நீரில் மின்சாரம் எளிதில் பாயாது; உப்பு கலந்த நீரில் தங்குதடையின்றிப் பாயும். ஆதலால் அரிப்பும் விரைகிறது. அதுமட்டுமன்று, உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தானே ஈர்த்துக்கொள்வது. வெயிலில் காய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கும் மடிப்பு, விடியற்காலையில் மீண்டும் நனைந்திருக்கும். இதில் இன்னொரு வஞ்சகமும் உண்டு. துளியின் விளிம்பில் காற்று மிகுதி, நடுவில் குறைவு. காற்றுக் குறைந்த இடத்தில்தான் இரும்பு கரைகிறது. எனவேதான் வெளியே தெரியும் தகடு பளபளக்க, ரப்பர் பாயின் அடியிலும் இரு தகடுகளின் இடுக்கிலும் அரிப்பு முற்றிவிடுகிறது. போதாக்குறைக்குத் துரு இரும்பைவிடப் பலமடங்கு இடம் கேட்பது. இடுக்கில் பிறந்த துரு ஊதிப் பெருத்துத் தகடுகளைப் பிளக்கிறது. பிளந்த வழியே இன்னும் நீர் புகுகிறது.

அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்பதைத் திருப்பூர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லை. பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் சாய நீரில் உப்பைக் கொட்ட வேண்டும். ஒரு லிட்டருக்கு ஐம்பது அறுபது கிராம்வரை, கருஞ்சாயத்துக்கு அதற்கும் மேல். சாயம் துணியில் தங்கிவிடும்; உப்பு தங்குவதில்லை. அது முழுவதும் கழிவு நீரோடு வெளியேறி, பல ஆண்டுகள் நொய்யலில் கலந்தது, மண்ணில் இறங்கியது, கிணறுகளில் ஏறியது. பாசனத்துக்கென நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் கட்டி முடித்த அணை, சாயக் கழிவின் தேக்கமாகிப்போன துயரத்தை உழவர் மறந்திலர். 2011 ஜனவரியில், கழிவு நீரைச் சொட்டும் வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதன்பின் நீரைச் சுத்திகரித்து உப்பையும் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தும் முறை வேரூன்றியது. ஆனால் நிலத்தடியில் இறங்கிவிட்ட உப்பு நீதிமன்ற ஆணையைக் கேட்டு வெளியேறிவிடுவதில்லை.

நம் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கு 'உப்புத் தண்ணீர்' என்றே பெயர். குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் நல்ல தண்ணீர். மற்றவற்றுக்கு உப்புத் தண்ணீர். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கைக்கடக்கமான கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒன்றை இரவல் வாங்கிக் கிணற்று நீரில் தோய்த்துப் பார்த்தோம். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் விரும்பத்தக்க எல்லை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீர் கிடையாத இடத்தில் 2,000வரை பொறுத்துக்கொள்ளலாம். நம் கிணறு இரண்டையும் தாண்டி நின்றது.

அப்பா அருகில் நாற்காலியில் அமர்ந்து இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தார். "சனிக்கிழமை தவறாம கழுவினேனேப்பா" என்றார். அதற்கு என்ன மறுமொழி கூறுவது? இருபது ஆண்டுகளாக அன்போடு அவர் ஊற்றிய ஒவ்வொரு வாளியும் இடுக்குகளில் உப்பை விதைத்திருக்கிறது. சேறு படிந்து கழுவாமலே கிடந்திருந்தால்கூட இவ்வளவு கெட்டிராதோ என்று நமக்குத் தோன்றியது. அதனை வாய்விட்டுச் சொல்லவில்லை.

வேலையைச் சித்திரையில் தொடங்கினோம். மழைக்காலத்தில் இவ்வேலையைத் தொடங்குவது வீண். செலவில் பெரும்பகுதி கூலி என்பதால், அறிவு தேவைப்படும் வேலையை டிங்கருக்கும், உடம்பு மட்டும் தேவைப்படும் வேலையை நமக்கும் என்று பிரித்துக்கொண்டோம். இருக்கைகளைக் கழற்றுவது, தாரைச் சுரண்டுவது, கம்பி பிரஷால் துருவைத் தேய்ப்பது, உப்புத்தாள் போடுவது யாவும் வீட்டில் உள்ளோர் செய்தவை. தாரைச் சுரண்டுவதற்கு மட்டும் நான்கு மாலைகள் ஆயின. கிரைண்டரில் கம்பிச் சக்கரம் பூட்டித் தேய்க்கும்போது கம்பிகள் அம்புபோலத் தெறிக்கும். கண்ணாடி அணியாமல் அருகில் நிற்கக் கூடாது. பையன்களை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டோம்.

முதற்பணம் எதற்குச் செல்ல வேண்டும் என்பதில் டிங்கர் உறுதியாக இருந்தார். தரைக்கு அன்று, பிரேக் குழாய்க்கு. பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரங்களின் பிரேக்குக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றுதான். இரும்புக் குழாய் ஓரிடத்தில் துருவேறி வெடித்தால், நான்கு சக்கரங்களிலும் ஒருசேர பிரேக் போய்விடும். நம் வண்டியில் பின் அச்சுக்குச் செல்லும் குழாயை விரல் நகத்தால் கீறியபோது செதில் செதிலாக உதிர்ந்தது. இக்குழாயோடுதான் சென்ற மாதம்வரை குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சென்றோம் என்பதை எண்ணும்போது இன்றும் நெஞ்சு நடுங்குகிறது. ஓட்டை தெரிந்தது நல்லதாயிற்று; தெரியாத இடத்தில் வேறொன்று காத்திருந்தது. குழாய் முழுவதையும் மாற்றினோம். அதன் விலை, தரைத் தகட்டின் விலையைவிடக் குறைவே.

அடுத்தது எரிபொருள் டாங்கி. இவ்வகை ஜீப்புகளில் அது ஓட்டுநர் இருக்கையின் அடியிலேயே இருப்பது. வெல்டிங் தீப்பொறி அருகே பறக்குமுன் டாங்கியையும் பாட்டரியையும் கழற்றித் தொலைவில் வைக்க வேண்டும். காலி டாங்கிதானே என்று எண்ணி அதன்மேலேயே வெல்டிங் வைப்போர் உண்டு. நிறைந்த டாங்கியைவிடக் காலி டாங்கியே கொடியது. உள்ளே நிற்பது ஆவியும் காற்றும் கலந்த வெடிமருந்து. இதில் சிக்கனம் பேசக் கூடாது.

பின்னர்த் தரை. ஓட்டை உள்ளங்கை அளவுதான் இருந்தது. டிங்கர் வெட்டி எடுத்ததோ ஒரு முறம் அளவு. பளபளக்கும் நல்ல இரும்பு நாற்புறமும் தெரியும்வரை, அதற்கப்பால் இரண்டு விரற்கடை சேர்த்து வெட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு. மெலிந்த விளிம்பில் வெல்டிங் நிற்காது. சுடர் பட்டவுடன் பொத்தல் விழும். ஜீப் வைத்திருப்போருக்கு இங்கே ஒரு பேறு உண்டு. கார்களைப்போல வளைவும் நெளிவும் இல்லை. பெரும்பாலும் தட்டையான தகடு, நேரான மடிப்பு. எனவே கம்பெனித் தகட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. இரும்புக் கடையில் 16 கேஜ் தகடு வாங்கி, வெட்டி மடிக்கும் பட்டறையில் கொடுத்து மடித்துக்கொண்டோம். அளவுக்கு அட்டைப் பெட்டியை வெட்டி மாதிரி செய்தவர் நம் இல்லத்தரசி. பனியன் கட்டிங் மாஸ்டரின் மகளுக்கு அது கடினமான காரியமா?

துருவேறாது என்று எண்ணித் துத்தநாகம் பூசிய தகட்டை வாங்க நினைத்தோம். டிங்கர் தடுத்தார். அதன்மேல் சுடர் படும்போது எழும் வெண்புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும். வெல்டிங் வைக்கும் ஓரங்களிலாவது பூச்சை முழுவதும் தேய்த்தெடுக்க வேண்டும். கறுப்புத் தகடே போதும் என்றார்.

தரையின் அடியில் அதனைத் தாங்கும் வாய்க்கால் வடிவச் சட்டங்கள் உண்டு. போர்க்கால ஜீப்புகளில் இவற்றின் உள்ளே மரக்கட்டை வைத்திருந்தனராம். அது நீரைக் குடித்துக்கொண்டு தகட்டை உள்ளிருந்தே அரித்தது. நம் வண்டியில் மரம் இல்லை, மண் இருந்தது. ஒரு கூடை வண்டல். இரண்டு சட்டங்களைப் புதிதாக மடித்துப் பொருத்தினோம். தகட்டை ஒரே ஓட்டமாக வெல்டிங் வைக்காமல், இங்கொரு பொட்டு அங்கொரு பொட்டு என்று வைத்து ஆறவிட்டு இட்டு நிரப்பினார். அவசரப்பட்டால் தகடு அப்பளம்போல நெளிந்துவிடும்.

கழற்றி எடுத்த சிறு உறுப்புகளில், கீல், கொக்கி, போல்ட்டு ஆகியவற்றில், ஏறிய துருவைப் போக்க நம் ஊர் நமக்கு ஒரு வசதி செய்துவைத்திருக்கிறது. சாயத்தைத் துணியில் நிலைக்கச் செய்யும் சோடா சாம்பல் இங்கே எந்த இரசாயனக் கடையிலும் கிடைக்கும். ஒரு பிளாஸ்டிக் வாளி நீரில் அதில் சில கரண்டி கரைத்து, துருவேறிய உறுப்பை பாட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், வீணான இரும்புத் துண்டு ஒன்றை நேர்முனையிலும் தொங்கவிட்டு, இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி ஓரிரவு வைத்தோம். மறுநாள் துரு கருஞ்சேறாகக் கழன்றுவந்தது. நல்ல இரும்பு தேயவில்லை. இம்முறையில் கருக வேண்டிய எச்சரிக்கைகள் மூன்று. எவர்சில்வரை நேர்முனையில் வைக்கலாகாது. நச்சுக் குரோமியம் நீரில் இறங்கும். தீப்பிடிக்கும் வாயு எழுவதால் திறந்த வெளியில் செய்ய வேண்டும். வில்பட்டை போன்ற உறுதியேற்றிய எஃகை இதிலோ அமிலத்திலோ இடக் கூடாது, முறிந்துபோகும்.

வெட்டத் தேவையில்லாத, மேலோட்டமாகத் துருவேறிய தகட்டுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி கடைகளில் கிடைக்கிறது. அது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றிப் படிய வைக்கிறது. டானின் கலந்தவையும் உண்டு. பூசியதும் துரு நீலக் கருமையாக மாறும். அதைக் கண்ட அப்பா, "இது கடுக்காய் வேலை அல்லவா?" என்றார். உண்மைதான். கலம்காரித் துணிக்குக் கருமை ஏற்றுவோர், துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு நீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்து, கடுக்காய் ஏற்றிய துணியில் அதனைத் தீட்டுகின்றனர். கடுக்காயின் டானினும் இரும்பும் கூடிக் கருமையாகின்றன. துணியில் சாயமாவது தகட்டில் காப்பாகிறது. ஆயினும் துருமாற்றி, மெல்லிய துருவுக்குத்தான் மருந்து. செதில் உதிரும் தகட்டின்மேல் அதைத் தடவுவது பணத்தைத் தடவுவதே.

இரும்புக்கும் இந்த நொய்யல் கரைக்கும் உள்ள உறவு இன்று நேற்றுத் தொடங்கியதன்று. திருப்பூருக்குக் கிழக்கே, சென்னிமலையை அடுத்த கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1980களில் நடத்திய அகழாய்வில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. எந்த ஆற்றங்கரையில் மண்ணிலிருந்து இரும்பைப் பிரித்தார்களோ, அதே ஆற்றங்கரையில் நாம் இரும்பை மண்ணாக்கிக் கொண்டிருக்கிறோம். மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் பூச்சியையும் துருவையும் சேர்த்துக் கூறியிருப்பது துணியும் இரும்பும் கொண்டு பிழைக்கும் இவ்வூராருக்குத் தனியே உறைக்கும். அங்கே துரு என நாம் படிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு 'தின்பது' என்பதே நேர்ப்பொருள் என்பர் அறிஞர். தகட்டின் விளிம்பைப் பார்த்தோருக்கு அச்சொல் பொருந்தாமல் இராது.

வண்ணம் பூசுவதற்கு வருவோம். தேய்த்தெடுத்த இரும்பை ஓரிரவுகூட வெறுமையாக விடக் கூடாது. விடியுமுன் செம்பனி படிந்துவிடும். முதலில் உப்பை வெளியேற்ற நல்ல தண்ணீரில் பலமுறை துடைத்து, வெயிலில் காயவைத்து, அன்று மாலைக்குள் பிரைமர் பூசினோம். பட்டறைகளில் வழக்கமாகப் பூசுவது ரெட் ஆக்சைடு. விலை மலிவு, ஆனால் நுண்துளை உள்ளது, மேற்பூச்சு இல்லாமல் விட்டுவைத்தால் நீரை உள்ளே விடும். இரு பொருள்களைக் கலந்து பூசும் எபாக்சி பிரைமர் விலை கூடியது. பிடிப்பும் காப்பும் மேலானது. எனவே தரைக்கும் சக்கரக் குழிகளுக்கும் எபாக்சி, மற்ற இடங்களுக்கு ரெட் ஆக்சைடு என்று பங்கிட்டோம். தகடுகள் சேரும் இடுக்குகள் அனைத்திலும் இருபுறமும் சீலர் அடைத்தோம். தார் பூசவில்லை. துருவின்மேல் பூசிய தார் வெடித்து நீரை உள்ளே வாங்கும், வெளியே விடாது, நடப்பதையும் கண்ணுக்கு மறைக்கும். பழைய என்ஜின் ஆயிலை அடியில் தெளிக்கும் பழக்கமும் நல்லதன்று. அது தோலுக்கும் ஆகாது. சொட்டி இறங்கும் மண்ணுக்கும் ஆகாது. நம் மண் பட்டது போதும். சேஸின் மூடிய பகுதிகளில் காப்பு மெழுகைப் பீய்ச்சினோம்.

மேற்பூச்சு நாமே பிரஷால் அடித்தது. வைகாசிக் காற்று புழுதியைக் கொண்டுவந்து அதன்மேல் தூவிவிட்டது. அருகில் சென்று பார்ப்போருக்கு உப்புமா கிண்டியதுபோலத் தெரியும். அதனைத் தேய்த்து மீண்டும் பூசப் பணம் இல்லை, விட்டுவிட்டோம்.

கடைசியாக டிங்கர் செய்தது, புதிய தரையின் தாழ்ந்த இடங்களில் ஆறு துளைகள் இட்டது. துளையை அடைக்கத்தானே இவ்வளவு பாடுபட்டோம் என்றோம். "தண்ணி வர்றதைத் தடுக்க முடியாதுங்க, போறதுக்கு வழி விடணும்" என்றார். பழைய தரையிலும் வடிதுளைகள் இருந்திருக்கின்றன; அவற்றையும் தார் அடைத்துவிட்டிருந்தது. ரப்பர் பாயை ஒட்டவில்லை. தூக்கி எடுக்கக்கூடியதாக விரித்திருக்கிறோம். மழை நாளில் வெளியே சென்று வந்தால் பாய்கள் சுவரில் சாத்தப்படும்.

கணக்குப் பார்த்தபோது, புதிய பாடிக்குச் சொன்ன தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு செலவாகியிருந்தது. பதிவுப் புதுப்பிப்பு அதில் சேராது. பின்பக்கக் கதவின் கீழ்விளிம்பும், முன் மட்கார்டு ஒன்றும் அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளன. அவற்றில் துருவைத் தேய்த்து மாற்றி பூசி நிறுத்தியிருக்கிறோம்.

கழுவுவது என்ற வினா எஞ்சியிருந்தது. உப்புத் தண்ணீர் ஆகாது. நல்ல தண்ணீரோ தொலைவிலுள்ள ஆற்றிலிருந்து குழாய்வழி வருவது; சில நாள்களுக்கு ஒருமுறை திறப்பது; அதனை ஜீப்பின்மேல் ஊற்ற மனம் வருமா? அப்பாவே வழி கண்டார். கொட்டகைக்கு ஓலையை நீக்கித் தகரம் போட்டபோது, அதன் ஓரத்தில் ஒரு வாய்க்காலும் பிளாஸ்டிக் பீப்பாயும் வைக்கச் சொன்னார். ஐப்பசியில் பெய்த நான்கு மழையில் பீப்பாய் நிரம்பிற்று. கருவியைத் தோய்த்துப் பார்த்தோம். முள் அசையவே இல்லை என்று சொல்லும்படி எண் தாழ்ந்திருந்தது. இப்போது சனிக்கிழமைகளில் அப்பா அரை வாளி மழைநீரும், கட்டிங்கில் கழிந்த பனியன் துணியும் எடுத்துக்கொண்டு செல்கிறார். ஊற்றுவதில்லை, துணியை நனைத்துப் பிழிந்து துடைக்கிறார். தரையைத் துடைக்கும் முன் பாயைத் தூக்கி, ஆறு துளைகளிலும் ஒரு குச்சியை விட்டுப் பார்த்துக்கொள்கிறார்.